ஒரு சொம்புத் தண்ணீரில் விழுந்த கோட்டை

நான் மோட்டார் போடப் போயிருந்த பதினோரு நிமிடத்தில் ஒரு கோட்டை விழுந்தது.

கோட்டை கணினிக்குள் இருந்தது. மோட்டார், மாடம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் கல்யாணம் போய் மாட்டிக்கொள்ளும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நீங்களும் சிரிக்கலாம். நாங்கள் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தோம்.

சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் மூன்று பேர் 'ஏழு கோட்டை' விளையாடுவோம். வசீகரன், ரெஜினா, நான். மூவரும் ஓரணி, எதிரி கணினி; ஆளுக்கொரு படை, ஆளுக்கொரு நிறம். சிவப்பை வசீகரன் முந்திக்கொண்டான். சாம்பல் நிறத்தை ரெஜினா எடுத்தாள். மிச்சம் இருந்தது நீலம். வசீகரன் உடனே எங்களுக்குக் குலப்பெயர் சூட்டினான்: அவன் சுடர்க்குடி, அவள் கல்குடி, நான் நீர்க்குடி. என் குலம் தோன்றிய வரலாறு இவ்வளவுதான். நிறம் தீர்ந்துபோனதால் தோன்றியது.

அந்த ஆட்டத்தில் ஒரு தொல்லை உண்டு. எங்கள் மூவரின் முறை முடிந்ததும் கணினி தன் முறையை யோசிக்கும். ஐந்து நிமிடம், சில சமயம் எட்டு நிமிடம். ஆட்டத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அந்த நேரத்தில் வேறு எங்காவது போய்விடுவார்கள். அவர்களைப் பிடித்துவைக்க வசீகரன் கதை சொல்ல ஆரம்பித்தான். இந்த ஏழு கோட்டைகளை யார் கட்டினார்கள், எந்த ராணி யாரைச் சபித்தாள், எந்தக் குடிக்கு எந்த மலை சொந்தம். அவன் அதைக் கதை என்று சொல்ல மாட்டான். வரலாறு என்பான்.

வசீகரன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். மற்ற நேரமெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல் படிக்கிறான். பனியை அவன் பார்த்ததில்லை. கொடைக்கானலில் இரண்டு நாள் இருந்து சளி பிடித்துத் திரும்பியதுதான் அவனுடைய குளிர்கால அனுபவம். ஆனால் அவன் சொல்லும் வரலாற்றில் முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கும். அவனுடைய தளபதிகள் "ஓ, என் துரதிர்ஷ்டம் பிடித்த நண்பனே!" என்று விளித்துக்கொள்வார்கள். தோல் பையிலிருந்து திராட்சை ரசம் குடிப்பார்கள். குதிரைக்குப் புல் போடுகிறவன்கூட "தங்கள் கருணைக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டவன்" என்பான். அந்த நாட்டில் யாரும் வியர்த்ததே இல்லை.

அந்த மதியம் கணினியின் முறை முடியப்போகிற நேரத்தில் வாசலில் லாரி ஹாரன் கேட்டது. அந்த மாதம் மோட்டார் பொறுப்பு எங்கள் வீட்டுக்கு. தொட்டியின் இரும்பு மூடியைத் திறந்துவிட வேண்டும், லாரித் தண்ணீர் இறங்கியதும் மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்ற வேண்டும். நான் ஓடினேன். லாரிக்காரர் பூபாலன் குழாயைச் செருகிவிட்டு வழக்கம்போலக் கேட்டார்: "தம்பி, ஒரு வாய்த் தண்ணி."

வீட்டுக்குள் போய் எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். பத்தாயிரம் லிட்டரைச் சுமந்துகொண்டு வருகிறவர். அதில் ஒரு வாய் குடிக்க மாட்டார். "அது குளிக்கிற தண்ணி" என்பார்.

நான் திரும்பி வந்து காதில் ஹெட்செட்டை மாட்டியபோது வசீகரன் கத்திக்கொண்டிருந்தான்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"லாரி வந்துச்சுடா. மோட்டார் போட்டுட்டு வரேன்."

"வடக்கு வாசல்ல உன் ஐந்நூறு குதிரை அப்படியே நின்னுட்டு இருந்துச்சு. ஒருத்தன் அசையல. கோட்டை போச்சு."

"தண்ணி போனா வராதுடா. கோட்டை அடுத்த சனிக்கிழமை வரும்."

"கேட்டீர்களா மக்களே!" என்றான். குரல் தாழ்ந்தது. அது அவனுடைய வரலாற்றுக் குரல். "அப்படித்தான், அந்தப் பனிக்கால நண்பகலில், நீர்க்குடியின் தலைவன் பரிதி ஒரு சொம்புத் தண்ணீருக்காக வடக்கு வாசலை எதிரிக்குத் திறந்துவிட்டான். உள்ளே உறங்கிக்கொண்டிருந்த சுடர்க்குடிக் குழந்தைகள் எழுநூறு பேர். ஒருவரும் விழிக்கவில்லை."

எங்களில் அதிகமாகச் சிரித்தது நான்தான். சிரித்தது மட்டுமல்ல, "செம்புச் சொம்புன்னு சொல்லுடா, கெத்தா இருக்கும்" என்று எடுத்தும் கொடுத்தேன்.

"செம்புச் சொம்பு" என்றான் வசீகரன். "அதன் விளிம்பில் பனி உறைந்திருந்தது."

"பனி உறைஞ்சா எப்படிடா தண்ணி குடிப்பான்?" என்றாள் ரெஜினா.

"வரலாற்றின் நடுவே குறுக்கிடாதே, பெண்ணே."

நாற்பதாயிரம் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர், கேட்டதை மறக்கவிடாத நினைவுப் பட்டையைத் தலையில் அணிந்திருந்தார்கள்.

*

நீலவேணியின் அப்பா சபாபதி பெண் வீட்டார் சகிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. நீலவேணி கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். என் பார்வைக் குறைவை அவள்தான் கண்டுபிடித்தாள். மற்ற குறைகளையும் இரண்டு வருடத்தில் வரிசையாகக் கண்டுபிடித்துவிட்டு, பரவாயில்லை என்று சொன்னவள். இரு வீட்டிலும் பேசி முடித்தாயிற்று. தேதி குறிக்கத்தான் வந்திருந்தார்கள்.

அம்மா தட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். சபாபதி டம்ளரைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த என் அப்பாவின் படத்தைப் பார்த்தார். டம்ளரை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

"தண்ணி வேணாம்மா."

"காபி போடட்டுங்களா?"

"காபியிலயும் தண்ணிதான இருக்கு."

நீலவேணி, "அப்பா!" என்றாள்.

"நீ சும்மா இரும்மா. தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்ல பிள்ளை. ஆனா எங்க பாட்டனார் படிச்சுப் படிச்சுச் சொல்லுவார், நீர்க்குடிக்காரன் கையால மட்டும் தண்ணி வாங்கிக் குடிக்காதேன்னு. எழுநூறு குழந்தைங்க தம்பி. எங்க குழந்தைங்க."

நான் சிரித்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

"அங்கிள், அது எங்க ஃப்ரெண்டு வசீகரன் சொன்னது. நான் மோட்டார் போடப் போயிருந்தேன்."

"வசீகரனா? எங்க பாட்டனார் செத்து நாப்பது வருஷம் ஆச்சு. அந்தச் செம்புச் சொம்போட விளிம்புல பனி இருந்ததுன்னு சொல்லும்போது அவருக்குக் குரல் உடையும். எனக்கு இன்னும் காதுல கேக்குது."

பாட்டனார் செங்கல்பட்டுக்காரர். அந்த ஊரில் சூடு தாங்காமல்தான் இறந்தாராம்.

தேதி குறிக்கவில்லை. வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

*

"எல்லாம் என் தப்புதான்" என்றாள் நீலவேணி போனில். "நீ ஆடுறத அப்பா பார்க்கணும்னு ஆசைப்பட்டேன். மாப்பிள்ளை நல்லா பேசுறார்னு தெரியட்டும்னு நான்தான் பட்டையை அவர் தலையில மாட்டிவிட்டேன். நானும் ஒண்ணு மாட்டிக்கிட்டேன்."

நினைவுப் பட்டையைப் பற்றி ரெஜினாவைத்தான் கேட்க வேண்டும். அவள் அதைத் தயாரித்த நிறுவனத்தின் பதிவு அறையில் வேலை பார்க்கிறாள். அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வசீகரனையும் இழுத்துக்கொண்டு அங்கே போனேன்.

"முதல்ல இதை நுழைவுத் தேர்வுப் பசங்களுக்குத்தான் செஞ்சாங்க" என்றாள், தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே. "மாட்டிக்கிட்டுப் பாடத்தைக் கேட்டா மறக்காது. நிஜமாவே மறக்கல. ஆனா ஒரு கோளாறு. கேட்டது நிக்கும், யார் சொன்னாங்கன்றது நிக்காது. மனசு சும்மா இருக்குமா? அதுவா ஒரு ஆளைப் பிடிச்சுப் போட்டுக்கும். பிடிச்ச ஆளா, பெரிய ஆளா. ஒரு பையன் வேதியியல் முழுக்க எங்க தாத்தா சொல்லிக்கொடுத்ததுன்னான். தாத்தா ஆட்டுத்தரகர்."

"பாஸ் பண்ணானா?" என்றான் வசீகரன்.

"பண்ணான். ஆனா வாத்தியார் தப்புன்னு சொன்ன இடத்துல எல்லாம், எங்க தாத்தாவையா தப்புங்கிறேன்னு சட்டையைப் பிடிச்சுட்டான். பெத்தவங்க எல்லாரும் பட்டையைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கிடங்குல கிடந்ததை, விளையாட்டு பார்க்கிறவங்களுக்குன்னு வேற டப்பாவுல போட்டு வித்தாங்க. விளையாட்டுல என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சாங்க."

"கழட்டிட்டா போயிடுமா?"

"உன் ஸ்கூல் பஸ் நம்பர் இன்னும் ஞாபகம் இருக்கா?"

"இருபத்தொண்ணு எச்."

"அது போகுமா? அப்படித்தான்."

நான் வசீகரனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒரு வெட்கம் கலந்த பூரிப்பு. முதல் குழந்தை பிறந்த தகப்பன் போல இருந்தான். "முப்பதாயிரம் பாட்டனார்கள்" என்றான் மெல்ல. "ஒரு நாவலாசிரியனுக்கும் இது வாய்த்ததில்லை."

"உன் நாவல்ல என் கல்யாணம் நின்னு போச்சுடா, நாயே."

*

அதன் பிறகு நடந்தவை மளமளவென்று நடந்தன. சுடர்க்குடிப் பேரவை என்று ஒன்று பதிவு செய்யப்பட்டது. வேளச்சேரிச் சாலையில், வசீகரன் ஒரு சனிக்கிழமை விக்கல் எடுத்த நேரத்தில் கண்டுபிடித்த ராணிக்கு முப்பதடிப் பதாகை வைத்தார்கள். கம்பளிப் போர்வையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக இருந்தாள். எழுநூறு குழந்தைகளுக்கு மெழுகுவத்தி ஊர்வலம் போனார்கள். மே மாத வெயிலில் மெழுகுவத்திகள் நடுவழியிலேயே வளைந்துவிட்டன. கார்களின் பின்கண்ணாடியில் தீச்சுடர் படம் வந்தது. வரன் தேடும் பக்கங்களில் 'நீர்க்குடி தவிர' என்ற வரி வந்தது. நீலப்படைக்கு ஆதரவாக இருந்த நேயர்களும் சும்மா இல்லை. 'நாங்கள் சொம்பு வாங்கியவர்கள் அல்லர், சொம்பு வாங்கியவர்களின் பங்காளிகள்' என்று விளக்கம் கொடுத்துத் தனிச் சங்கம் அமைத்தார்கள்.

எங்கள் குடியிருப்பின் செயலாளர் ஞானப்பிரகாசம் ஒரு மாலை வந்து கதவைத் தட்டினார். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர்.

"பரிதி, நான் அறிவியல் வாத்தியார். இதையெல்லாம் நம்புற ஆள் இல்லை."

"சொல்லுங்க சார்."

"இருந்தாலும், மோட்டார் பொறுப்பு உங்க வீட்டுக்கு வேணாம்னு கூட்டத்துல முடிவாயிருக்கு."

"ஏன் சார்?"

"தண்ணி விஷயம் பாருங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா..."

"என்ன ஆகும் சார்? தொட்டியை எதிரிக்குத் திறந்துவிட்டுடுவேனா?"

அவர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அம்மா அடுப்படியிலிருந்து, "நல்லதாப் போச்சு, அந்த மூடியைத் தூக்கித் தூக்கி உனக்கு இடுப்பு போச்சு" என்றாள். அம்மா பட்டை மாட்டியதில்லை. சீரியல் பார்க்கும்போது தலையில் எதையும் வைக்க முடியாது என்பது அவள் கொள்கை.

நீலவேணியை அவள் கடை வாசலில் சந்தித்தேன். வெயிலில் நடந்து வந்திருந்தாள். என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவள் கை வந்தது, நடுவில் நின்றது, பிறகு மீண்டும் வந்து வாங்கிக்கொண்டது. அரை நொடிதான் இருக்கும்.

"பார்த்தியா?" என்றாள்.

"ஒண்ணும் பார்க்கல."

"பொய் சொல்லாத. எனக்குத் தெரியும் பரிதி, அது வசீகரன் விட்ட கதைன்னு. அன்னைக்கு நான் சிரிச்சது கூடத் தெரியும். ஆனா எங்க ஆயா என்னைப் பக்கத்துல படுக்கவெச்சு அதைச் சொன்ன மாதிரியும் இருக்கு. அவங்க புடவை வாசனையோட இருக்கு. பொய்னு தெரிஞ்சா போயிடும்னு நினைச்சேன். போகல."

பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தாள். பிடிவாதமாக, மருந்து குடிப்பதுபோல.

"அப்பா இன்னும் ரெண்டு மாசம்தான் பார்ப்பார். அப்புறம் வேற இடம் பேசுவார். நான் சண்டை போடுவேன். ஆனா தினம் காலையில எழுந்ததும், முதல்ல என்கூடச் சண்டை போட்டுட்டு, அப்புறம் அவரோட போடணும். எத்தனை நாள் முடியும்னு தெரியல."

*

வசீகரனை உண்மையைச் சொல்ல வைக்க இரண்டு வாரம் ஆனது. "படைப்பாளி தன் படைப்பைக் கொல்வதா?" என்றான். கொல்லாவிட்டால் உன்னைக் கொல்வேன் என்றேன். ஒரு சனிக்கிழமை, படைகளை நிறுத்திவிட்டு, சொந்தக் குரலில் பேசினான்.

"எல்லாரும் கேளுங்க. சுடர்க்குடின்னு ஒண்ணு கிடையாது. நீர்க்குடியும் கிடையாது. எல்லாம் நான் உக்காந்து கட்டினது. பரிதி அன்னைக்கு மோட்டார் போடப் போனான், அவ்வளவுதான். தயவு செஞ்சு விட்டுடுங்க."

திரையின் ஓரத்தில் நேயர்களின் செய்திகள் ஓடும் இடத்தில் ஒரு வரி வந்தது: 'மறுப்பவன் வந்துவிட்டான்.'

அதே வரி நூறு முறை வந்தது. ஆயிரம் முறை வந்தது. அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளும் வந்தன.

ரெஜினா பழைய பதிவுகளைத் தேடினாள். ஐந்தாவது வாரத்தில் இருந்தது. கணினி எட்டு நிமிடம் யோசித்த ஒரு மதியம், சொல்ல எதுவும் இல்லாமல், வசீகரன் நீட்டி முழக்கியிருந்தான்: "ஒரு நாள் நம்மில் ஒருவனே எழுந்து, இவையெல்லாம் வெறும் கதை என்பான். அவன் குரல் நமக்குப் பழகிய குரலாகவே இருக்கும். ஓ, நண்பர்களே, அன்று செவிகளை மூடிக்கொள்ளுங்கள்!"

"இதை எதுக்குடா சொன்ன?"

"தெரியலடா." அவன் முகம் வெளுத்திருந்தது. "நல்லா இருந்துச்சு. நான் படிக்கிற புத்தகத்துல எல்லாம் இப்படி ஒருத்தர் சொல்லுவார்."

மறுநாள் அலுவலகத்தில் அவன் மேசைமேல் யாரோ வெந்நீர் ஊற்றியிருந்தார்கள். பக்கத்து மேசைக்காரி அவனிடம் வருத்தமாகச் சொன்னாளாம்: "உங்களைக் கோவிச்சுக்க மாட்டேன் வசீ. நீங்க மறுத்துத்தான் ஆகணும்னு எங்க மாமாவே சொல்லியிருக்கார்."

*

"மறுத்தா போகாது" என்றாள் ரெஜினா. "மேல இன்னொண்ணு வைக்கலாம். அவ்வளவுதான் முடியும். சொம்பு இருக்கட்டும். சொம்பு எதுக்குன்னு மாத்திடலாம்."

ஆனால் யார் சொல்வது? வசீகரன் மறுப்பவன். நான் துரோகி. மிச்சம் இருந்தது கல்குடி. ரெஜினாவுக்குக் கதை சொல்ல வராது. ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிற குரல் அவளுக்கு. அதனாலேயே நம்புவார்கள் என்றாள்.

என் வீட்டிலிருந்துதான் நேரலை. ஞாயிறு காலை. நீலவேணியும் வந்திருந்தாள். இரண்டு பட்டைகளைக் கொண்டுவந்திருந்தாள்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு உனக்கு" என்றாள்.

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் உண்மை தெரியுமே."

"அதனாலதான். நான் மட்டும் நம்பிக்கிட்டு, பக்கத்துல நீ என்னைப் பார்த்துப் பாவப்பட்டுக்கிட்டு இருந்தா, அது என்ன குடும்பம்?"

மாட்டிக்கொண்டேன். நெற்றிப்பொட்டில் லேசாகச் சில்லென்றது. வேறு ஒன்றும் இல்லை.

ரெஜினா தாளைப் பார்த்துப் படித்தாள். "கல்குடி ஏடுகளில் உள்ளபடி. முற்றுகை தொடங்கிய ஒன்பதாம் நாள் கோட்டையில் தண்ணீர் தீர்ந்தது. சுடர்க்குடிக் குழந்தைகள் எழுநூறு பேருக்கு நா வறண்டது. நீர்க்குடித் தலைவர் தம் படையை நிறுத்திவிட்டு, தாமே செம்புச் சொம்பில் தண்ணீர் எடுத்துச் சென்றார். எழுநூறு முறை போய்வந்தார். எழுநூறு குழந்தைகளும் பிழைத்தார்கள். இன்றுள்ள சுடர்க்குடியினர் அனைவரும் அவர்களின் வழி வந்தவர்கள்."

திரையில் ஒருவன் கேட்டான்: 'அப்போது வாசலைத் திறந்தது யார்?'

ரெஜினா தாளைப் புரட்டினாள். தாளில் அது இல்லை. கேள்வி மறுபடி வந்தது. பத்துப் பேர் கேட்டார்கள், ஆயிரம் பேர் கேட்டார்கள். கோட்டை விழுந்ததல்லவா? யாராவது திறந்திருக்க வேண்டுமே. வசீகரன் ஒலிவாங்கிக்கு எட்டாத தூரத்தில் நின்று கையை ஆட்டினான். உதட்டை அசைத்தான்: மண்.

"மண்குடி" என்றாள் ரெஜினா, வண்டி தாமதம் என்று சொல்லும் அதே குரலில். "மண்குடியினர் திறந்துவிட்டார்கள். செய்தி முடிந்தது."

ஒலிவாங்கியை அணைத்ததும் வசீகரன் துள்ளினான். "ஆட்டத்துல அப்படி ஒரு நிறமே கிடையாதுடா! யாரும் அதை எடுக்கல, யாரும் அதுல சேரல. ஆளே இல்லாத குடி. யாருக்கும் வலிக்காது!"

நீலவேணி பட்டையைக் கழற்றினாள். சமையலறைக்குப் போய், என் வீட்டுப் பானையிலிருந்து, என் வீட்டுச் சொம்பில் மொண்டு, நிறுத்தாமல் குடித்தாள். கை நடுவில் நிற்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

*

அடுத்த வாரம் சபாபதி தேதியோடு வந்தார். வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, என்னை மன்னிச்சிடுங்க. எங்க பாட்டனார் சொன்னதை நான்தான் அரைகுறையாக் கேட்டிருக்கேன். எழுநூறு தடவை! ஒரு மனுஷன் எழுநூறு தடவை நடந்திருக்கார்."

மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். காபியும் குடித்தார். ஞானப்பிரகாசம் மோட்டார் அறைச் சாவியை ஒரு தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு கொண்டுவந்து கொடுத்தார். இனி எல்லா மாதமும் மோட்டார் பொறுப்பு எங்கள் வீட்டுக்கே என்று கூட்டத்தில் முடிவாகியிருக்கிறதாம். தண்ணீர் எங்கள் கைக்கு வசப்பட்டது என்று அவர் மாமனார் சொல்வாராம்.

நடுவில் ஹாரன் கேட்டது. எல்லாரும் எழுந்து வாசலுக்கு வந்தார்கள், நான் தொட்டி மூடியைத் திறப்பதைப் பார்க்க. பூபாலன் குழாயைச் செருகிவிட்டு வேர்வையைத் துடைத்தார்.

"தம்பி, ஒரு வாய்த் தண்ணி."

சபாபதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்தக் குடி?"

"குடியை விட்டு மூணு வருஷம் ஆகுது சார்" என்று பூபாலன் சிரித்தார்.

"அதில்லப்பா. சுடரா, கல்லா, நீரா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். அந்தப் பட்டையை மாட்டினா பின்னாடி வர்ற வண்டி ஹாரன் கேக்காது. நான் எதுலயும் இல்ல."

"எதுலயும் இல்லேன்னா?" என்று ஞானப்பிரகாசம் தன் பழைய வகுப்பறைக் குரலில் கேட்டார். "நாலு இருக்கு. மூணுல இல்லேன்னா மிச்சம் எது?"

சபாபதி இரண்டடி பின்னால் போனார். நீலவேணி தரையைப் பார்த்தாள்.

அம்மா உள்ளேயிருந்து எவர்சில்வர் சொம்போடு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அந்தச் சொம்பு வேணாம்மா. காகிதக் கப்பு இருந்தா அதுல ஊத்திக் குடு."

"ஏன்டா?"

நான் குரலைத் தாழ்த்தினேன். பூபாலன் நல்ல மனிதர், அவர் மனம் நோகக் கூடாது. இதில் ஒன்றை நான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சுடர்க்குடி, கல்குடி, நீர்க்குடி எல்லாம் வசீகரனின் கற்பனை. அது எனக்குத் தெரியும். அதை நம்பியவர்களைப் பார்த்து இன்றும் சிரிக்கிறேன். மண்குடி விஷயம் அப்படியல்ல. அது ரெஜினா சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல. சின்ன வயதில் அப்பா என்னைத் தாம்பரம் ரயில் நிலையத்தின் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, கையில் கடலைப் பொட்டலம் கொடுத்து, மண்குடிக்காரனுக்கு வாசலில் வைத்துத்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும், அதுவும் நம் பாத்திரத்தில் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். கடலையின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

அம்மா என்னையே பார்த்தாள். சொம்பில் தண்ணீர் தளும்பியது.

"உங்கப்பா உனக்கு எப்படா சொன்னார்? உனக்கு ஒண்ணரை வயசு ஆகும்போதே போயிட்டாரேடா."

நான் அவளிடமிருந்து சொம்பை மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தேன். வயதாகிவிட்டது அம்மாவுக்கு. இப்போதெல்லாம் எதுவும் சரியாக ஞாபகம் இருப்பதில்லை.